ஈமாக்ஸ் திறக்க 11 விநாடி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் மடிக்கணினியைத் திறந்தால், தே தாரிக் (இழுத்த தேநீர்) மேசைக்கு வந்த பிறகுதான் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி வரும். கொஞ்சம் மிகைதான். தொடங்க எடுத்த நேரத்தைச் சொல்லும் 'ஈமாக்ஸ்-இனிட்-டைம்' கட்டளை காட்டியது 11 விநாடி.

தப்பு என்னுடையது. ஈமாக்ஸின் கூடுதல் தொகுப்புகள் கிடைக்கும் மெல்பா களஞ்சியத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் நிறுவி, தொடங்கும்போது படிக்கப்படும் இனிட் கோப்பில் 'ரிக்வயர்' (உடனே ஏற்று) வரிகளாக அடுக்கி வைத்திருந்தேன். அத்தனையும் தொடக்கத்திலேயே ஏறும்.

சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும், எந்தத் தொகுப்பை எப்போது ஏற்றுவது என்று ஒழுங்குபடுத்தும் யூஸ்-பேக்கேஜுக்கு மாற்றினேன். 2023இல் வந்த 29ஆம் பதிப்பிலிருந்து அது ஈமாக்ஸுடனேயே வருகிறது. புள்ளிவிவர அமைப்பை முதலில் இயக்கிவிட்டு 'யூஸ்-பேக்கேஜ்-ரிப்போர்ட்' கொடுத்தால், எந்தத் தொகுப்பு எவ்வளவு நேரம் தின்கிறது என்று பட்டியல் வரும். என் பட்டியலில் முதலிடம், குறிப்புகளும் பணிப்பட்டியலும் எழுத உதவும் ஆர்க்-மோடுக்கு. அதை நான் தொடுவதே வாரம் ஒருமுறைதான்! தேவைப்படும்போது மட்டும் ஏறட்டும் என்று 'டிஃபர்' போட்டு ஒதுக்கினேன்.

கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் வேலைக்கான மேகிட்டை 'பைண்ட்' மூலம் ஒரு விசையோடு கட்டினேன். அந்த விசையைத் தட்டினால்தான் அது ஏறும். விச்-கீயை மட்டும் தொடவில்லை. கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்திவிட்டு மறந்துபோய் விழித்தால், அடுத்து எந்தெந்த விசை என்று ஒரு விநாடியில் கீழே காட்டும். என்னைப் போன்ற மறதிக்காரனுக்கு அதுதான் உயிர்.

அப்புறம், ஏழு வண்ணத் தீம்களில் ஆறைத் தூக்கினேன். இப்போது 2 விநாடிக்குள் திறக்கிறது.