டாங்கி மாடலுக்குச் சேறு பூசுவது எப்படி? மணலி லாரியிடம் கற்றது

என் முதல் டாங்கி மாடலில் பாதி உயரம் வரை பழுப்பு பெயிண்டை அப்பி வைத்தேன். சாக்லேட்டில் முக்கி எடுத்த பொம்மை மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு மழைக்கு மறுநாள் வடசென்னையின் மணலி சாலையில் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னாபா, பஞ்சரா?" என்றார் ஒரு டிரைவர்.

பஞ்சர் இல்லை, பாடம். ஒரே லாரியில் மூன்று வயதுச் சேறு இருந்தது. கேபினில் வெளிறிய தூசி, மட்கார்டுக்குள் காய்ந்து வெடித்த பழைய சேறு, டயர் ஓரத்தில் ஈரமாக மினுங்கும் இன்றைய சேறு. இந்த மூன்றையும் தனித்தனியாகப் போடுவதுதான் மொத்த வேலையும். இங்கே சொல்வது 1/35 அளவு, அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு நீளமுள்ள பிளாஸ்டிக் கிட்டுக்கு.

முதலில் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிக்க உதவும் அடிப்பூச்சு. ஒட்டி முடித்த மாடலைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, சாம்பல் நிற ஸ்ப்ரே பிரைமரை மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் அடிக்கும் எனக்கு, கடல் காற்று ஏறுவதற்கு முந்தைய காலை வெயில்தான் ராசி. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். ஈரக்காற்றில் ஸ்ப்ரே வெள்ளை பூத்துவிடும்.

அடுத்து அடிப்படை நிறம். அக்ரிலிக் ஆலிவ் பச்சையைத் தண்ணீராக்கி இரண்டு பூச்சு. மேல் தளங்களில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை கொடுத்தால் வெயில் பட்ட தோற்றம் வரும். ஒரு நாள் காயட்டும். பிறகு வார்னிஷ் ஒரு பூச்சு.

இனி வாஷ், அதாவது இடுக்குகளில் இறங்கி நிழல் காட்டும் நீர்த்த நிறம். பழுப்பு ஆயில் கலரைப் பட்டாணி அளவு எடுத்து, டர்பென்டைனில் டீ டிக்காஷன் பதத்துக்குக் கரைத்து, போல்ட், மூடி, இடுக்குகளைச் சுற்றி விடுங்கள். அரை மணி கழித்து, டர்பென்டைன் தொட்ட பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுத்தால் மழைநீர் வழிந்த கோடு கிடைக்கும். டர்பென்டைனுக்குப் பதில் கார் பெயிண்டுக்கான என்.சி. தின்னரை மட்டும் தொடாதீர்கள். நான் அவசரத்தில் தொட்டேன். பீரங்கிக் கூண்டு வெல்லப்பாகாக இளகிவிட்டது.

சேற்றுக்கு வருவோம். அது எங்கே ஒட்டும் என்பதை லாரி சொல்லும்; என்ன நிறம் என்பதை உங்கள் டாங்கி ஓடிய ஊர்தான் சொல்லணும். உக்ரைனில் ஓடிய சோவியத் டி-34 டாங்கி என்றால் கரிசல். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில், தண்ணீர் திறந்துவிடப்பட்ட வயல்களில் சிக்கிய பாகிஸ்தானின் பாட்டன் டாங்கி என்றால் வெளிர் பழுப்பு வண்டல். எண்ணூர்க் கழிமுகத்தின் கறுப்புச் சேறு இரண்டுக்கும் ஒத்துவராது.

நிஜ மண் சேர்க்கலாம், ஆனால் காசிமேட்டுக் கடற்கரை மணல் கூடாது. உப்பு பிறகு வெள்ளையாகப் பூக்கும். பூந்தொட்டி மண்ணை ரவை வறுப்பதுபோல் பழைய சட்டியில் வறுத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் குருணை என்பது மூன்றரை சென்டிமீட்டர் கல், மறக்க வேண்டாம். இந்த மண் இரண்டு ஸ்பூன், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு ஸ்பூன், ஃபெவிகால் அரை ஸ்பூன், பழுப்பு அக்ரிலிக், கொஞ்சம் தண்ணீர். இட்லி மாவுப் பதம் போதும். பிளாஸ்டர் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்கவும். பொடியாக நறுக்கிய தேங்காய் நார் ஒரு சிட்டிகை போட்டால் புல் மாட்டிய சேறு.

தூசிதான் முதல். வெளிர் நிற சாக்பீஸ் தூளையும் துளி காவிப் பொடியையும் கலந்து, காய்ந்த பிரஷ்ஷால் அடிப்பக்கம், சக்கரம், மட்கார்டு மேல் தேயுங்கள். அடுத்து பழைய சேறு: கலவையைப் பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்திச் சக்கரங்களுக்கு நடுவிலும் மட்கார்டின் உள்பக்கமும் வையுங்கள். தடவினால் சுவர்ப் பூச்சு மாதிரி ஆகிவிடும். முழுதாகக் காய்ந்த பிறகு, தண்ணீராக்கிய அதே கலவையைப் பிரஷ்ஷில் எடுத்து ஐஸ் குச்சியால் சுண்டித் தெறிக்கவிடுங்கள். முதலில் அட்டையில் சுண்டிப் பழகுங்கள். பெரிய துளி விழுந்துவிட்டால் ஈரப் பஞ்சால் உடனே ஒற்றி எடுக்கலாம்.

டிராக்கில், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையில், தரையைத் தொடும் மேடுகளில் சேறு தங்காது. அங்கே துடைத்துவிட்டு, காய்ந்ததும் 6பி பென்சிலால் தேய்த்தால் இரும்பு பளிச்சிடும்.

கடைசியாக ஈரம். பழுப்பு கலந்த பளபளப்பு வார்னிஷ்ஷைக் கீழ்ப்பகுதியில் சில இடங்களில் மட்டும் தொட்டு வையுங்கள். அதற்குமேல் மேட் வார்னிஷ் அடிக்காதீர்கள், ஈரமெல்லாம் காய்ந்துபோகும்.