அத்தையின் பிரஸ் பட்டன் பல்செட்: கழற்றுவது, கழுவுவது, மாட்டுவது

செங்கோட்டையில் எங்கள் வீட்டில் அத்தைக்குக் கீழ்வரிசைப் பல்செட்டை இம்பிளான்ட் (தாடை எலும்புக்குள் வைக்கும் திருகு) மேல் மாட்டி இரண்டரை வருடம் ஆகிறது. அவருக்கு வயது 74. விரல் மூட்டுகளில் வலி இருப்பதால் காலையிலும் ராத்திரியிலும் நான் கூட நிற்கிறேன். இதே மாதிரி செட் போட்டுக்கொண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்கு உதவும் என்று, நாங்கள் தினமும் செய்வதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டைக் கழுவுவது பாதி வேலைதான். இம்பிளான்ட்டின் தலையாக ஈறில் நிற்கிற இரண்டு உலோகப் பட்டன்களையும் தினமும் தேய்க்க வேண்டும். எங்களுக்கு இது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

வாய்க்குள் என்ன இருக்கிறது

சாதாரணக் கட்டுப்பல் ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். மேல்செட் அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். கீழ்செட்டுக்கு அந்த வசதி கிடையாது, போதாததற்கு நாக்கு அசைந்து அசைந்து அதைத் தூக்கிவிடும். அதனால்தான் கீழ்த்தாடையின் முன்பக்கம், கோரைப்பல் இருந்த இடத்தை ஒட்டி, இரண்டு டைட்டானியம் திருகுகளை எலும்புக்குள் வைக்கிறார்கள். எலும்பு அவற்றைச் சுற்றி வளர்ந்து இறுகப் பிடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். டைட்டானியத்தோடு எலும்பு இப்படிச் சேர்ந்துகொள்ளும் என்பதை ஸ்வீடன் நாட்டு டாக்டர் பிரோனமார்க் முயல்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியின்போது கவனித்தார். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். கீழ்வரிசையில் ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு இரண்டு இம்பிளான்ட் மேல் மாட்டும் செட்டைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று, 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். மேல்தாடை எலும்பு கொஞ்சம் மென்மையானது. அங்கே பெரும்பாலும் நான்கு வைப்பார்கள்.

திருகின் தலையில், ஈறுக்கு மேலே ஓர் உலோகப் பட்டன் தெரியும். செட்டைத் திருப்பிப் பார்த்தால் அதற்கு நேராக இரண்டு குழிகளும், குழிக்குள் கலர் நைலான் வளையமும் இருக்கும். ரவிக்கையில் தைக்கிற பிரஸ் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலைதான். சிலருக்குப் பட்டனுக்குப் பதில் இரண்டு திருகையும் இணைத்து ஒரு கம்பி போட்டிருப்பார்கள். அவர்கள் கம்பிக்கு அடியிலும் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும்.

கழற்றுவது

முதலில் வாஷ்பேசினில் பாதிக்குத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஈரத் துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். சோப்புக் கையிலிருந்து நழுவி பீங்கானில் விழுந்தால் செட் உடைந்துவிடும்.

இரண்டு கட்டைவிரல் நகங்களையும் கன்னத்துப் பக்கம் செட்டின் ஓரத்துக்கு அடியில், பட்டன்களுக்கு நேராகக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மேலே தூக்க வேண்டும். 'டக்'கென்று விடுபடும். ஒரு பக்கத்தை மட்டும் நெம்பினால் அந்தப் பக்கத்து நைலான் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஸ்பூன் காம்பு, கத்தி எதுவும் வேண்டாம்.

செட்டைக் கழுவுவது

மெல்லிய பிரஷ், கை கழுவுகிற சாதாரண லிக்விட் சோப்பு, பச்சைத் தண்ணீர். இது போதும். டூத்பேஸ்ட், பல்பொடி, உமிக்கரி எல்லாம் பிளாஸ்டிக்கில் கீறல் போடும், கீறலில் அழுக்கு தங்கும். பிளீச்சிங் கலந்த எதுவும் உலோகத்துக்கு ஆகாது. அடிப்பக்கத்துக் குழிகளைத் தனியாகத் தேய்க்க மறக்காதீர்கள்.

வெந்நீர் கூடவே கூடாது. அத்தையின் பழைய செட்டை, கிருமி சாகட்டும் என்று நான்தான் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எடுத்துப் பார்க்கையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் வாயில் வைத்தபோது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சூட்டில் வளைந்துவிட்டது, அப்புறம் அது சரியாகவே இல்லை. ஒரு மாதம் அத்தை கஞ்சியும் குழைந்த சாதமுமாகச் சாப்பிட்டதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பட்டன்களைத் தேய்ப்பது

இம்பிளான்ட் வைத்த இடத்தில், "இது உலோகம்மா, சொத்தை விழாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அது உண்மைதான். ஆனால் அதோடு விட்டுவிட்டார்கள். நாங்களும் செட்டை மட்டும் பளபளவென்று கழுவி வந்தோம். ஐந்தாவது மாதம் வாயைத் துடைத்த துணியில் ரத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் இடதுபக்கப் பட்டனைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம், அதில் மஞ்சளாகப் பிசுபிசுப்பு. அத்தைக்கு வலியே இல்லை.

மலையேறி, கேரளத்துப் புனலூரில் வேறொரு டாக்டரிடம் போனோம். அந்தப் பக்கத்தில் பல்செட்டை 'வெப்புப் பல்லு' என்பார்கள். அந்த அம்மா செட்டை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியை அத்தை கையில் கொடுத்து, பட்டனைத் தொட்டுக் காட்டி, "இதும் பல்லு தன்னே அம்மே" என்றார். அத்தைக்கு மலையாளம் நன்றாகவே புரியும். அன்றைக்கு ராத்திரியிலிருந்து மறந்ததில்லை.

காரணம் இதுதான். சொந்தப் பல்லை ஈறும் எலும்பும் நார்களால் கட்டிப் பிடித்திருக்கும். இம்பிளான்ட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. அழுக்கு தங்கி ஈறு வீங்கினால் புண் எளிதாக எலும்பு வரைக்கும் இறங்கிவிடும். எலும்பு கரைந்தால் நல்ல திருகும் ஆடிவிடும். வலி வரும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் புகைபிடிக்கிறவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தேய்க்கும் விதம்: குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, பட்டனும் ஈறும் சேருமிடத்தில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். முன்பக்கம் எளிது. நாக்குப் பக்கம்தான் எல்லோரும் விடுகிற இடம், அங்கே கூடுதலாகப் பத்துச் சுற்று. பட்டனின் உச்சியில் சின்னக் குழி இருந்தால் அதற்குள்ளும் பிரஷ் நுனி போக வேண்டும். அங்கே சாப்பாட்டுத் துணுக்கு அடைத்துக்கொண்டால் செட் முழுசாக உட்காராது. கடைசியில் மெல்லிய துணி நாடாவைப் பட்டனின் பின்னால் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, முன்னும் பின்னும் மெதுவாக இழுத்துத் துடைக்கிறேன். ஊசி, ஹேர்பின், உலோகக் குச்சி எதையும் கொண்டுபோகாதீர்கள். டைட்டானியத்தில் கீறல் விழும்.

இதைக் காலையிலும் ராத்திரியிலும் செய்கிறோம். முதல் வாரம் கொஞ்சம் ரத்தம் வந்தது. பயந்து நிறுத்திவிடாமல் மென்மையாகத் தொடரச் சொன்னார் டாக்டர். பத்து நாளில் நின்றுவிட்டது. நிற்காவிட்டால், அல்லது சீழ் தெரிந்தால், அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

ராத்திரியும் காலையும்

தூங்கும்போது செட் வாயில் வேண்டாம், ஈறுக்கு ஓய்வு தேவை. மூடிபோட்ட டப்பாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைப்போம். காய விடக் கூடாது.

காலையில் செட்டை ஈரத்தோடு வைத்து, குழிகள் பட்டன்களுக்கு மேல் நேராக வந்ததா என்று விரலால் உணர்ந்து பாருங்கள். பிறகு இரண்டு பக்கமும் விரலை வைத்து ஒரே சீராக அழுத்துங்கள். இரண்டு 'டக்' கேட்க வேண்டும். பெரியவர்கள் அவசரத்தில் கடித்தே உட்கார வைக்கப் பார்ப்பார்கள். அதற்கு விடாதீர்கள். செட் கோணலாக இருக்கையில் கடித்தால் நைலான் நசுங்கிவிடும்.

சாப்பாட்டில், முதலில் இட்லி, அப்புறம் வேகவைத்த மரச்சீனிக்கிழங்கு என்று போனோம். கவளத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் மெல்ல வேண்டும். மூன்றாவது மாதம் பிரானூர் பார்டர் பரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் ஊற வைத்துச் சாப்பிட்டார்.

டாக்டரிடம் எப்போது

நைலான் வளையம் தேயும் பொருள்தான். எங்களுக்கு ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். அத்தைக்குப் போட்டிருக்கிற லோக்கேட்டர் என்ற பட்டன் வகையில் நீலம் மெதுவான பிடி, இளஞ்சிவப்பு நடுத்தரம், நிறமில்லாதது இறுக்கம். அத்தையின் விரலுக்கு நீலம்தான் கழற்ற வருகிறது, நாங்களே கேட்டு மாற்றிக்கொண்டோம். பின்பக்கம் அழுத்தினால் செட் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறதென்றால் ஈறு வற்றியிருக்கிறது, அடியில் பூசிச் சரிசெய்ய வேண்டும். பட்டனே சுற்றுகிறது என்றால் செட்டை மாட்டாமல் உடனே போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்த்துவிடுவது நல்லது.

எல்லைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஓணம் வாரத்தில் வளையம் விட்டுப்போய், புனலூரில் கிளினிக் மூடியிருந்ததால் தென்காசியில் காட்டினோம். "எந்தக் கம்பெனி, என்ன சைஸ்?" என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி பட்டனும் வளையமும் வேறு, ஒன்றுக்கு ஒன்று சேராது. இம்பிளான்ட் வைத்த இடத்தில் அந்த விவரம் எழுதிய அட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் அட்டையை போட்டோ எடுத்து என் போனிலும் என் கணவர் போனிலும் வைத்திருக்கிறோம். அசல், அத்தையின் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.