‘எல்லாத்தையும் பார்த்துடலாம்’: மருத்துவப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரிலிருந்து நம்மவர்கள் பலர் சென்னைக்குக் கிளம்பிவிடுவார்கள். கல்யாணம், ஜவுளிக்கடை, குலதெய்வம் கோயில் என்ற பட்டியலில் இப்போது ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’பும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஊருக்குப் போகாதவர்களுக்கும் குறையில்லை. ஒரே குப்பி ரத்தத்தில் ஐம்பது அறுபது விஷயங்களைப் பார்த்துத் தரும் தொகுப்புகள் இங்கேயே விற்கின்றன. அதிகம் சோதித்தால் அதிகப் பாதுகாப்பு என்று நம்புவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு. ரத்த அறிக்கையில் ‘இயல்பான அளவு’ என்று அச்சிடுகிறார்களே, அது பொதுவாக ஆரோக்கியமானவர்கள் 100 பேரில் 95 பேருக்கு இருக்கும் அளவை வைத்து வகுத்தது. மீதி 5 பேர் நன்றாகவே இருந்தாலும் அவர்களுடைய எண் சிவப்பில் வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்துகொண்டால், எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு ஏதாவது ஓர் எண்ணாவது சிவப்பில் வர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அப்புறம் மறுபரிசோதனை, ஸ்கேன், சில சமயம் ஊசி வைத்துத் திசு எடுப்பது. கடைசியில் ‘ஒன்றுமில்லை’ என்று தெரியும் வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

இந்தத் தொகுப்புகளில் எனக்கு அதிகம் உறுத்துவது ‘புற்றுநோய்க் குறியீடுகள்’ என்ற பகுதி. ரத்தத்தில் இருக்கும் சில பொருள்களின் அளவு இவை. அவற்றில் சிஇஏ அளவு புகைபிடிப்பவர்களுக்கு நோயில்லாமலே கூடலாம். சிஏ 125 மாதவிடாயின்போது ஏறலாம். பித்தக் குழாய் அடைத்துக்கொண்டால் சிஏ 19-9 கூடும். புற்றுநோய் உறுதியானவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பின்தொடர இவை உதவும். எந்தத் தொந்தரவும் இல்லாதவரிடம் புற்றுநோயைத் தேட உதவாது. விதிவிலக்குகள் உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கிவிட்டவர்களுக்கு ஏஎஃப்பி என்ற இன்னொரு குறியீட்டுக்கான ரத்தச் சோதனையும் கல்லீரல் அல்ட்ராசவுண்டும் குறிப்பிட்ட இடைவெளியில் செய்வார்கள். அவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்ற காரணம் அதற்கு இருக்கிறது. காரணமே இல்லாமல் தொகுப்பில் இருக்கிறதே என்று செய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கண்டுபிடித்ததெல்லாம் ஆபத்து என்று நினைப்பது

இதுதான் புரியவைக்கக் கடினமான தவறு. சோதனை தப்பாகச் சொல்வது ஒரு வகை. நோய் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது வளராமலோ மிக மெதுவாக வளர்ந்தோ அந்த மனிதரை ஆயுசு முழுக்கத் தொந்தரவே செய்திருக்காது என்பது வேறு வகை. இந்த இரண்டாவதைத்தான் மிகை நோயறிதல் என்கிறார்கள்.

தென்கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். 1999-இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அதில் இல்லை. ஆனால் வந்தவர்களிடம் ‘கொஞ்சம் பணம் கட்டினால் கழுத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம்’ என்றார்கள், பலரும் சம்மதித்தார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்காகிவிட்டது. தைராய்டு புற்றுநோயால் இறப்பவர்களின் விகிதமோ அப்படியே இருந்தது. அந்த நோய் உண்மையிலேயே பெருகியிருந்தால் இறப்பும் ஏறியிருக்கும். முன்கூட்டிக் கண்டுபிடித்தது உயிரைக் காத்திருந்தால் இறப்பு இறங்கியிருக்கும். இரண்டும் நடக்கவில்லை.

கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தைராய்டு சுரப்பியை அகற்றிக்கொண்டார்கள். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரை. அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 11 பேருக்குக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பிகள் பாதிக்கப்பட்டன, 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-இல் மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாக எதிர்த்துப் பேசிய பிறகுதான் அறுவைகள் சரசரவென்று குறைந்தன.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தேவையில்லாமல் அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரும் ‘சீக்கிரம் பார்த்ததால் பிழைத்தேன்’ என்றே சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு வேறு எப்படித் தெரியும்? அவர் சொல்வதைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் நாலு பேர் கழுத்து ஸ்கேனுக்குப் போவார்கள்.

இதைப் படித்துவிட்டு உடம்பு காட்டும் அறிகுறியை அலட்சியம் செய்யக்கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, மார்பில் கட்டி, விழுங்க முடியாமை என்று ஏதாவது இருந்தால் உடனே போக வேண்டும். இங்கே பேசுவது நன்றாக இருப்பவர்கள் செய்துகொள்ளும் சோதனைகளைப் பற்றி.

வேண்டாததைச் செய்துவிட்டு வேண்டியதை விடுவது

சிங்கப்பூரில் நீரிழிவு இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் சீனர்களைவிட அதிகம். இது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் 45 வயதில் ஒருமுறைகூடச் சர்க்கரை பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் ‘ஸ்கிரீன் ஃபார் லைஃப்’ என்ற தேசியப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. 40 வயதிலிருந்து சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம். 50-லிருந்து பெருங்குடல் புற்றுநோய்க்காக ஆண்டுக்கொருமுறை மலச் சோதனை. பெண்களுக்கு 25 வயதிலிருந்து கருப்பைவாய்ச் சோதனை, 50-லிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே. குடும்பத்தில் நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் பதிந்துகொண்ட குடிமக்களுக்கு, பதிந்த மருந்தகத்தில் பரிந்துரைக்கப்பட்ட சோதனைகள் இலவசம். பட்டியல் பார்க்க எளிமையாக இருக்கும். பளபளப்பான அட்டை போட்ட கோப்பும் கிடைக்காது. ஆனால் பலன் உண்டென்று ஆராய்ந்து தேர்ந்தெடுத்த சோதனைகள் இவை. கைக்காசு போட்டு முழு உடல் ஸ்கேன் எடுத்துக்கொண்ட மனிதர் இலவச மலச் சோதனைக்குக் கூச்சப்படுவது எனக்குப் புரிவதே இல்லை.

முதுகு வலித்ததும் எம்ஆர்ஐ

‘டாக்டர், எதுக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக் குடுத்துடுங்களேன், இன்சூரன்ஸ் இருக்கு.’ எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். எம்ஆர்ஐ எடுத்தால் ஏதாவது தென்படாமல் இருக்காது. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க்குகளில் தேய்மானம் தெரிந்தது. அதாவது தேய்மானம் நரைமுடி மாதிரி. ஆனால் அறிக்கையில் ‘தேய்மானம்’ என்று படித்துவிட்டால் பலர் குனியப் பயப்படுகிறார்கள், நடையைக் குறைக்கிறார்கள், வலி இன்னும் நீடிக்கிறது. கால் பலவீனமாவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்தது, பெரிய அடி பட்டது என்றால் கதை வேறு. அப்போது ஸ்கேன் அவசியம்.

காப்புறுதி இருக்கிறதே என்பது தனித் தவறு. காப்புறுதியோடு கூடுதலாக வாங்கும் ‘ரைடர்’ என்ற இணைப்புத் திட்டம் பில் முழுவதையும் கட்டியதால் தேவையற்ற சிகிச்சை பெருகுகிறது என்றுதான் சுகாதார அமைச்சு 2018-இல் புதிய ரைடர்களில் நோயாளி குறைந்தது 5 விழுக்காடு கட்ட வேண்டும் என்று அறிவித்தது. சந்தாத் தொகை ஏறும்போது திட்டுகிறோம். அதில் நம் ‘எதுக்கும் ஒரு ஸ்கேன்’களுக்கும் பங்கு இருக்கிறது.

பனடால் மட்டும் தந்தவர் நல்ல டாக்டர் இல்லை என்பது

சளிக்காய்ச்சலுக்கு எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்று வாங்கப் போனவர், போனதுக்கு ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கிடைக்கட்டும் என்று நினைப்பார். சளி வைரஸால் வருவது; ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. வயிற்றுப்போக்கும், பின்னாளில் மருந்துக்கு மசியாத கிருமிகளும்தான் மிச்சம்.

சேர்த்துக்கொண்டே போகும் மாத்திரைகள்

வீட்டுப் பெரியவர்களுக்கு இது முக்கியம். பலதுறை மருந்தகத்தில் ஒரு மருத்துவர், மருத்துவமனையில் இருதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர். ஒவ்வொருவரும் ஒன்று சேர்ப்பார்கள். நிறுத்துவது யார் பொறுப்பு என்று தெளிவாக இருக்காது. நாலு நாள் நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரை நாலு வருடம் ஓடும். தூக்க மாத்திரையால் பாட்டி தடுமாறி விழுவார். எழுபது வயதைத் தாண்டியவருக்குச் சர்க்கரையை ரொம்ப இறுக்கிப் பிடித்தால் அது திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா மாத்திரைகளையும், ஊரிலிருந்து வந்த லேகியம் சூரணம் உட்பட, ஒரே பையில் போட்டுக் குடும்ப மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கொண்டுபோங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, ‘இது எதுக்கு, இன்னும் வேணுமா, நிறுத்தினா என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளையும் ஸ்டீராய்டுகளையும் சட்டென்று விட்டால் ஆபத்து. அவற்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், எந்த வேகத்தில் என்பதை மருத்துவர் சொல்வார்.