வயிறு ஒத்துக்கொள்ளாத நாய்க்கு மலிவாக உணவிடுதல்: பணத்தையும் தின்று நாயையும் வாட்டும் தவறுகள்

எங்கள் வீட்டு நாய்க்கு வயிறு சரியில்லாமல் போன இரண்டு மாதங்களில் ஐந்து வகை உலர் உணவுகளை வாங்கினோம்; ஐந்தில் ஒன்றுகூட அடிவரை தீரவில்லை. வாய் சுருட்டி ரப்பர் போட்ட பைகள் படிக்கட்டின் கீழ் வரிசையாக நின்றன. கடைசியில் காரணம் அந்தப் பைகள் எதிலும் இல்லை என்று தெரிந்தது: குடலில் கொக்கிப்புழு இருந்தது, அதற்கு மேல், காலைதோறும் அம்மா ஊட்டிய பாலில் நனைத்த பிஸ்கட்டும் இருந்தது. மலப் பரிசோதனைக்கு ஆன செலவு, அந்தப் பைகளில் மிகச் சிறியதன் விலையைவிடக் குறைவு. வயிறு எளிதில் கெடும் நாயை வளர்ப்பவர்களின் பணம் விலையுயர்ந்த உணவு வாங்குவதில் கரைவதைவிட, காரணம் அறியாமல் உணவை மாற்றிக்கொண்டே இருப்பதில்தான் அதிகம் கரைகிறது என்பதை அந்த இரண்டு மாதங்களில் கற்றுக்கொண்டேன்.

ஆகவே முதல் தவறு, நாய்க்குக் கழிச்சல் கண்டவுடன் உணவைக் குற்றவாளியாக்குவது. கொக்கிப்புழு, உருண்டைப்புழு, ஜியார்டியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, தடுப்பூசி போடாத குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ், கணைய நோய், கல்லீரல் நோய் என எத்தனையோ கோளாறுகள் முதலில் இளகிய மலமாகவே வெளிப்படுகின்றன. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் சில நாய்களுக்குக் கணையம் போதிய செரிமான நொதிகளைச் சுரப்பதில்லை. அவை அகோரப் பசியுடன் தின்றும் எலும்பும் தோலுமாக இளைத்து, வெளிறிய நிறத்தில் எண்ணெய்ப் பசையுடன் ஏராளமாக மலம் கழிக்கும். அத்தகைய நாய்க்கு உணவோடு நொதியைச் சேர்த்துக் கொடுக்கும்வரை எந்தப் பையை வாங்கினாலும் பயன் இருக்காது. வீட்டில் கையிருப்பில் உள்ள குடற்புழு மாத்திரையை ஒரு வேளை கொடுத்துவிட்டதால் புழு இல்லை என்று முடிவு கட்டுவதும் சரியன்று; ஜியார்டியா ஒரு வேளை மாத்திரைக்குப் பெரும்பாலும் அடங்காது. அன்று காலைக் கழித்த மலத்தில் கொஞ்சத்தைச் சுத்தமான சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்வதே சிக்கனத்தின் முதல் படி. தனியார் மருத்துவமனைக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேப்பேரியில் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

இரண்டாவது தவறு, நல்ல உணவையே அவசரமாக மாற்றுவது. நாயின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பழைய உணவுக்குப் பழகியிருக்கும். ஒரே நாளில் முழுவதையும் மாற்றினால், புதிய உணவில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் மலம் இளகும். அதைப் பார்த்து, 'இதுவும் ஒத்துக்கொள்ளவில்லை' என்று அடுத்ததற்குத் தாவினால் மறுபடியும் இளகும். எங்கள் ஐந்து பைகளில் குறைந்தது மூன்றை இப்படித்தான் பழிசுமத்தி ஒதுக்கினோம் என்று இப்போது நினைக்கிறேன். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குப் புதிய உணவு கால் பங்கு, அடுத்த சில நாட்களுக்குப் பாதி, பிறகு முக்கால் பங்கு என 7 முதல் 10 நாட்களில் மாற்றுவது பொதுவான நடைமுறை. வயிறு மிகவும் நொய்ந்த நாய்க்கு இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம். இந்த நாட்களில் வேறு எதையும் புதிதாகச் சேர்க்கக்கூடாது என்பதும், நாள்தோறும் என்ன கொடுத்தோம், மலம் எப்படி இருந்தது என்பதை ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கும். 'கையால் எடுக்க வந்தது', 'எடுத்தபோது தரையில் ஒட்டியது', 'தண்ணீர்' என்ற மூன்றே சொற்கள் எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

அடுத்து, விலையைப் பையின் மேல் பார்ப்பது. நாய்க்குத் தேவைப்படுவது கலோரி; ஆகவே ஒப்பிட வேண்டியது ஒரு நாளின் செலவையே அன்றி ஒரு கிலோவின் விலையை அன்று. 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி தேவைப்படும். 100 கிராமில் 300 கலோரி உள்ள உணவு கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த நாய்க்கு 210 கிராம் வேண்டும். செலவு 42 ரூபாய். 100 கிராமில் 400 கலோரி உள்ள உணவு கிலோ 250 ரூபாய் என்றாலும், 158 கிராம் போதும். செலவு 40 ரூபாய்க்குள் முடிந்துவிடும். விலை கூடியதே இங்கே மலிவாகிவிடுகிறது, அள்ள வேண்டிய மலமும் குறைகிறது. பையில் கலோரி அச்சிடப்படாவிட்டால், நாயின் எடைக்கு எத்தனை கிராம் என்று பின்புறம் தரப்பட்டிருக்கும் அட்டவணையை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஈர உணவுப் பொட்டலங்களை இதே கணக்கில் பார்த்தால் திகைப்பாக இருக்கும், ஏனெனில் அவற்றில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர்.

மலிவு என்பதற்காகத் திறந்த மூட்டையிலிருந்து அளந்து விற்கும் உணவை வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் காலாவதித் தேதி தெரியாது, எப்போது பிரித்தார்கள் என்பதும் தெரியாது. உலர் உணவின் மேல் பூசப்பட்ட கொழுப்பு காற்றுப் பட்டால் கெட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். மக்காச்சோளம் போன்ற தானியங்களில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். பெரிய பை வாங்குவது சிக்கனம்தான். ஆனால் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவே வாங்கி, அசல் பையுடனேயே மூடியுள்ள டப்பாவுக்குள் இறக்கிவைக்க வேண்டும்.

பாலும் பிஸ்கட்டும் நம் வீடுகளில் நாய்க்கு இடும் அன்பின் அடையாளங்கள். தொந்தரவும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி போதிய அளவில் இருப்பதில்லை. தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் சில நாய்கள் அதைத் தாங்கிக்கொள்ளும், சில தாங்காது. 'ஒரு பிஸ்கட்தானேப்பா, அது என்ன செய்துவிடப் போகிறது' என்று அம்மா சொன்னபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஆறு போயிருந்தது. உணவுக்கு அப்பாற்பட்ட தின்பண்டங்கள் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. மிஞ்சிய சாம்பார் சாதத்தையும் குழம்புச் சோற்றையும் வைப்பது இதைவிட மோசமானது, ஏனெனில் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் அந்த நச்சு போவதில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே இரத்தத்தில் மாற்றம் தெரியும். சிறு அளவாயினும் நாள்தோறும் போனால் பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும். பாயசத்திலிருந்து விழும் திராட்சையும் சாக்லேட்டும் வயிற்றுக் கோளாறோடு நிற்பவை அல்ல, அவை நஞ்சு.

இனி, பலரும் நல்லதென்று நம்பிச் செய்யும் ஒரு தவறு. வயிறு கெட்ட நாய்க்கு உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த தோல் நீக்கிய கோழிக்கறியும் குழைந்த சோறும் கொடுக்கச் சொல்வார்கள். மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு அது சிறந்த மருந்துணவு. 10 கிலோ நாய்க்கு 300 கிராம் சோறும் 150 கிராம் வெந்த கறியும் சேர்ந்தால் ஒரு நாளின் கலோரி ஏறத்தாழ நிறைந்துவிடும். கடையில் குருணை மலிவாகக் கிடைக்கும். ரேஷன் அரிசியே போதும் என்பாரும் உண்டு, நன்றாகக் குழையவிட்டால் அதில் குறையொன்றும் இல்லை. மலம் கெட்டியானதும் 'இதுவே ஒத்துக்கொள்கிறது, செலவும் குறைவு' என்று மாதக்கணக்கில் அதையே தொடர்வதுதான் பிழை. அந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் கிராம் கால்சியம் வேண்டும். மேற்சொன்ன கறியும் சோறும் தருவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு என்பதால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். வளரும் குட்டிக்கு இது கால் வளைவதிலும் எலும்பு முறிவதிலும் கொண்டுபோய் விடும். காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி, அந்த 10 கிலோ நாயின் கால்சியக் குறையைப் போக்கும். ஆனால் துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவற்றை அது தராது. வீட்டுச் சமையலையே நிரந்தரமாக்க விரும்புபவர்கள், நாயின் எடையைச் சொல்லி, எந்தச் சத்துக் கலவையை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். செலவு கட்டுப்படியாக வேண்டுமென்றால், பாதி உலர் உணவு, பாதி வீட்டுச் சமையல் என்ற ஏற்பாடு பல நாய்களுக்குப் பொருந்துகிறது. எங்கள் நாய்க்கும் பொருந்தியது.

கோழிக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் தோல், கொழுப்பு, கழுத்து ஆகியவற்றை வாங்கிக் கொதிக்கவைப்பதும் வழக்கம். கொழுப்பு மிகுந்த உணவு கணைய அழற்சியைத் தூண்டக்கூடும். அது வந்தால் நாய் முதுகை வளைத்துக்கொண்டு வலியில் துடிக்கும், சிகிச்சைச் செலவு ஓராண்டு உணவுச் செலவை விழுங்கிவிடலாம். வெந்த எலும்பு கூரிய சில்லுகளாகப் பிளந்து குடலைக் குத்தும். ஈரல் மலிவான சத்துணவே, என்றாலும் வைட்டமின் ஏ மிகுந்தது என்பதால் வாரத்தில் ஓரிரு துண்டோடு நிறுத்த வேண்டும். இவற்றுக்குப் பதிலாக அவித்த முட்டை, முள் நீக்கி வேகவைத்த மத்தி மீன், தோல் சீவி வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஆகியவை நம் சந்தையில் விலை குறைவானவை, வயிற்றுக்கும் இதமானவை. பரங்கிக்காயில் ஒன்றிரண்டு கரண்டி போதும். கருவாடு உப்புக்காக விலக்கத்தக்கது.

பையின் முன்பக்க வாசகத்தை நம்பி வாங்குவது இன்னொன்று. 'தானியம் இல்லாதது' என்ற சொல்லுக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. நாய்களின் உணவு ஒவ்வாமைக்கு அதிகம் காரணமாவதாக அறியப்பட்டவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. அரிசி அந்த வரிசையில் மிகவும் பின்னால் நிற்கிறது. பருப்பு, பட்டாணி வகைகள் மிகுந்த தானியமில்லா உணவுக்கும் நாய்களின் இதய வீக்க நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் ஆராயத் தொடங்கியது என்பதையும் நினைவில் வைக்கலாம். உண்மையில் ஒவ்வாமை என்று சந்தேகித்தால், நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதத்தை மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்; அந்த எட்டு வாரத்தில் ஒரு பிஸ்கட் விழுந்தாலும் சோதனை வீண். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்காவிட்டால் இதைத் தொடங்காதிருப்பதே மேல்.

கழிச்சல் நிற்கட்டும் என்று பட்டினி போடுவதிலும் அளவு உண்டு. சுறுசுறுப்பாக இருக்கும் வளர்ந்த நாய்க்கு அரை நாள் இடைவெளி தீங்கு செய்யாது. குட்டிக்கும் சிற்றின நாய்க்கும் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் பட்டினி கூடாது. தண்ணீரை யாருக்கும் நிறுத்தக்கூடாது. நமக்கு வாங்கி வைத்த, கழிச்சலை நிறுத்தும் மாத்திரையையும் வலி மாத்திரையையும் நாய்க்குக் கொடுப்பது அறவே தவிர்க்கத்தக்கது. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் நாய்களுக்கு ஆபத்தானவை. மலத்தில் இரத்தம் அல்லது தார் போன்ற கருமை, தொடர் வாந்தி, சோர்ந்து படுத்தல், ஈறு வெளிறுதல், வயிறு உப்பி இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், குட்டி ஒரே நாளில் பலமுறை நீராகக் கழித்தாலும், எந்த உணவு மலிவு என்ற கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். போகும்போது மல டப்பாவையும் அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.