நாலு கேமரா, ஒரு டிவிஆர்: டெல்டா வீட்டில் நாமே பொருத்துவது எப்படி?

சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடப்போம், வீடு பூட்டிக் கிடக்கும். இல்லையென்றால் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள், வயதானவர்கள் மட்டும் ஊரில் இருப்பார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் கண்காணிப்பு கேமரா வைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள்தான். ட்ரில்லிங் மெஷின் பிடிக்கத் தெரிந்தால் இந்த வேலையை நீங்களே செய்யலாம். ஒரு சனி, ஞாயிறு போதும்.

பதிவாகிற படத்தில் முக்கால்வாசியை யாரும் பார்க்கப்போவதில்லை. என்றைக்கோ ஒரு நாள், "வந்தது யார், எத்தனை மணிக்கு?" என்று கேள்வி வரும். அந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத கேமரா எத்தனை மெகாபிக்சலாக இருந்தாலும் வீண். அதனால் முகம் தெரிய வேண்டும், நேரம் சரியாக இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையையும் இதை மனதில் வைத்தே செய்யுங்கள்.

1. முதலில் வீட்டைச் சுற்றி நடங்கள்

ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்துகொண்டு, ஆள் உள்ளே வரக்கூடிய வழிகளைக் குறியுங்கள். எல்லோரும் வாசலில் இரண்டு கேமராவை மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். நம் ஊர்த் தெருவீடுகள் முன்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் நீளமாகவும் இருக்கும். கொல்லை போய் வாய்க்கால் கரையில் முடியும். தெருவில் நாலு பேர் நடமாட்டம் இருக்கும், கொல்லையில் யாரும் இருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் முதல் கேமரா கொல்லைக்கு, இரண்டாவது வாசலுக்கு, மூன்றாவது பக்கத்துச் சந்துக்கு, நாலாவது வண்டி நிற்கிற இடத்துக்கோ களத்துக்கோ.

உயரம் 8 முதல் 10 அடி போதும். கைக்கு எட்டக்கூடாது என்று 15 அடியில் மாட்டினால் உச்சந்தலையும் தொப்பியும்தான் பதிவாகும். லென்சில் 2.8 எம்எம், 3.6 எம்எம் என்று இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். 2.8 அகலமாகக் காட்டும். ஆனால் 2 மெகாபிக்சல் கேமராவில் ஆளை அடையாளம் சொல்கிற அளவுக்கு முகம் தெரிவது ஏறக்குறைய 10 அடிக்குள்தான். 3.6 கொஞ்சம் குறுகலாகக் காட்டும், முகம் 15 அடி வரை பிடிபடும். முற்றத்துக்கும் களத்துக்கும் 2.8 சரி. கேட்டுக்கும் கொல்லைக் கதவுக்கும் 3.6 வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக் கிணற்றடி, குளியலறைப் பக்கம், படித்துறை எதுவும் படத்தில் விழக்கூடாது. கோணத்தைத் திருப்ப முடியாத இடமென்றால் டிவிஆரில் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கிற வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுத் திரையிலேயே காட்டிவிடுங்கள். தேவையில்லாத மனஸ்தாபம் மிச்சம்.

2. என்ன வாங்குவது?

"வீட்டில் பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது, ஒரு கேப்சர் கார்டு போட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். கேமராப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் அட்டைதான் அது. போடலாம், ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். விலை மலிவான பழைய நாலு சானல் கார்டுகள் பலவற்றில் சாக்கெட் நாலு இருக்கும், பிடி878 மாதிரி சிப் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்த ஒற்றைச் சிப் ஒரு கேமராவைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் புதுப் படத்தோடு ஒத்திசைய நேரம் பிடிக்கும், அதற்குள் சில பிரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) போய்விடும். விநாடிக்கு 25 பிரேம் வரவேண்டிய இடத்தில் ஒரு கேமராவுக்கு மூன்றோ நாலோ மிஞ்சும். சந்தில் ஓடுகிறவன் ஒரு படத்தில் இந்தப் பக்கம் இருப்பான், அடுத்த படத்தில் காணாமல் போயிருப்பான். சானலுக்கு ஒரு சிப் உள்ள கார்டு என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் அந்தக் கால கார்டுகள் சுமார் 720க்கு 576 புள்ளிகளுக்கு மேல் வாங்காது, எச்டி கேமரா அதில் வேலை செய்யாது. கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடினால் கரண்ட் பில்லும் ஏறும்.

நாலு சானல் டிவிஆர் என்பது அதே கேப்சர் வேலையைச் செய்யும் சிப்பும் சிறிய கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில் வருவதுதான். 10, 15 வாட்டில் ஓடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள்.

கூடவே வேண்டியவை: 2 மெகாபிக்சல் கேமரா நாலு (வெளியே மாட்டுவதெல்லாம் உருளை வடிவ புல்லட் வகை), 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், படமும் பவரும் சேர்ந்து போகும் 3+1 கேபிள் ஒரு சுருள், படத்துக்கு பிஎன்சி பின், பவருக்கு டிசி பின், கேமராவுக்கு ஒன்றாக பிவிசி ஜங்ஷன் பாக்ஸ். ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக்கென்றே வருவதைக் கேட்டு வாங்குங்கள். கேபிளில் செம்புக் கம்பியா, செம்புப் பூச்சுள்ள அலுமினியமா என்று கட்டாயம் கேளுங்கள். விலை வித்தியாசம் ஏன் என்று அடுத்த படிகளில் புரியும்.

3. சுவரில் துளை போடும் முன் கூடத்தில் பரப்பிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டவே தாண்டாதீர்கள். டிவிஆர் மூடியைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்துங்கள். சாட்டா வயர் ஒன்று, பவர் வயர் ஒன்று, அடியில் நாலு திருகு, அவ்வளவுதான். டிவிஆரை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்து மவுஸைச் செருகுங்கள். நாலு கேமராவையும் தரையில் வைத்து, சின்னச் சின்ன கேபிள் துண்டுகளால் இணைத்து, நாலு படமும் வருகிறதா பாருங்கள்.

படம் வராமல் கறுப்பாகவோ கறுப்பு வெள்ளையாகவோ இருந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். எச்டி கேமராக்களில் டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று மூன்று முறைகள் உண்டு. கேமரா வயரின் நடுவில் இருக்கும் சின்னப் பொத்தானையோ ஸ்விட்சையோ மாற்றினால் முறை மாறும். டிவிஆர் ஏற்கிற முறைக்கு வைத்தால் படம் வந்துவிடும்.

4. கேபிள் இழுப்பது

3+1 கேபிளில் படத்துக்கு ஒரு கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் கம்பி உள்ள வயர்), பவருக்கும் மற்றதுக்கும் மூன்று மெல்லிய கம்பிகள். அந்த மெல்லிய கம்பியில்தான் பல வீடுகளில் பிரச்சினையே. கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பி 0.2 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு என்று வைத்துக்கொள்வோம். 60 மீட்டர் தூரத்துக்கு, போக வர 120 மீட்டர், தடை சுமார் 10 ஓம். பகலில் ஒன்றும் தெரியாது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்து, கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 கிளம்பி 8 போய்ச் சேரும். படத்தில் கோடு ஓடும், இல்லையென்றால் கேமரா அணைந்து அணைந்து எரியும். அலுமினியக் கம்பியென்றால் இன்னும் மோசம். பகலில் நன்றாக இருந்து ராத்திரியில் மட்டும் தகராறு செய்கிற கேமராவுக்கு முதலில் வோல்ட்டேஜைத்தான் பார்க்க வேண்டும்.

30 மீட்டருக்குள் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே கொடுங்கள். அதற்கு மேல் என்றால் கேமராவுக்குப் பக்கத்திலேயே தனி 12 வோல்ட் அடாப்டர் வையுங்கள், படத்துக்கு மட்டும் கேபிள் வரட்டும். பம்ப்செட் கொட்டகை வயலுக்கு நடுவில் 200, 300 மீட்டரில் இருந்தால் கேபிள் ஆசையை விட்டுவிட்டு, சிம் போட்டு சோலாரில் ஓடும் கேமராவைத் தனியாக வைப்பதே நல்லது. மோட்டார் வயர் ஓடும் குழாயிலேயே கேமரா கேபிளையும் விடாதீர்கள், மோட்டார் ஓடும்போதெல்லாம் படம் நடுங்கும்.

ஓட்டு வீடு என்றால் எலி உண்டு. கேபிளை உத்திரத்தின் மேல் சும்மா போடாமல் பிவிசி பைப்புக்குள் விடுங்கள்.

பிஎன்சி பின் மாட்டும்போது அவசரப்படாதீர்கள். வெளி உறையை ஒரு விரல்கடை சீவினால் பின்னல் கம்பி தெரியும். அதைப் பின்னால் மடித்துவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளை உறையைச் சீவி, நடுக்கம்பியைத் திருகில் இறுக்குங்கள். பின்னலில் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் வராது. பின்னை மூடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

5. கேமராவை மாட்டுவது

எல்லா இணைப்பும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் போக வேண்டும். பாக்ஸுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேபிள் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகு கேட்டு வாங்குங்கள்.

தென்னை மரத்தில் கேமரா கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். புயல் இல்லாத நாளிலும் மரம் ஆடும், படமும் கூடவே ஆடும்.

சன்ஷேடை ஒட்டியோ வெள்ளைச் சுவரை ஒட்டியோ வைத்தால் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, ராத்திரிப் படம் பால்போல் வெளுத்துவிடும். சுவரின் விளிம்பே படத்தில் தெரியாதபடி ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் தனியாக இருக்கிற என் பெரியம்மா வீட்டில் மாட்டிய அன்று ராத்திரி, "தம்பி, அந்த டப்பாவுல சிவப்பா கங்கு மாதிரி தெரியுதே, ஏதும் பத்திக்குமா?" என்று கேட்டார். அது அகச்சிவப்பு எல்இடியின் மங்கலான ஒளி, பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வயலோரத்து வீட்டில் சில நாளிலேயே லென்ஸின் குறுக்கே நூலாம்படை கட்டிவிடும். ஒரே ஒரு இழை போதும், ராத்திரியில் படம் முழுக்க வெள்ளைக் கயிறு ஆடுவதுபோல் தெரியும். ஒட்டடைக்கொம்பின் நுனியில் மெல்லிய துணியைச் சுற்றி வாரம் ஒருமுறை துடையுங்கள். இதைச் செய்யாத வீட்டில் கேமரா இருந்தும் பயனில்லை.

6. டிவிஆரில் வைக்க வேண்டிய அமைப்புகள்

முதலில் நேரம். கிரீன்விச் நேரத்தோடு 5:30 கூட்டிய இந்திய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, இன்டர்நெட் இருந்தால் தானாக நேரம் சரிசெய்யும் வசதியை இயக்குங்கள். சில வருடம் ஆன டிவிஆரில் கரண்ட் போய் வந்ததும் தேதி பின்னால் ஓடினால், உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றிவிடலாம்.

அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யுங்கள். கம்ப்ரஷனை, அதாவது படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறையை, எச்.265க்கு மாற்றுங்கள். எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பது எளிய கணக்குதான். ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 2 மெகாபிட் வைத்தால் நாளுக்கு 21.6 ஜிபி, நாலு கேமராவுக்கு 86 ஜிபி சொச்சம். 1 டிபி டிஸ்க் சுமார் 11 நாளில் நிறைந்து, பழையதை அழித்து எழுத ஆரம்பிக்கும். 1 மெகாபிட் வைத்தால் 23 நாள். கேட், கொல்லைக் கதவு இரண்டுக்கும் 2, மற்ற இரண்டுக்கும் 1 என்று வைத்தால் பதினைந்து நாள் நிற்கும்.

அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும் முறையும் உண்டு. இடம் மிச்சமாகும், ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். எப்போதும் பதிவாகட்டும், அசைவு போனுக்கு எச்சரிக்கை அனுப்ப மட்டும் இருக்கட்டும். அந்த எச்சரிக்கைக்கான கட்டங்களை வரையும்போது வாழை மரம், கொடியில் காயும் துணி, தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கதவு, படி, கேட் மட்டும் வரையுங்கள். இல்லாவிட்டால் வாழையிலை ஆடுகிற ஒவ்வொரு முறையும் போன் அடிக்கும், நாலு நாளில் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள்.

7. போனில் பார்ப்பது

டிவிஆரை ரூட்டரோடு இணைத்து, திரையில் வரும் க்யூஆர் கோடை அந்தக் கம்பெனியின் செயலியில் ஸ்கேன் செய்தால் முடிந்தது. பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையோ, பிறந்த தேதியையோ, போன் நம்பரையோ வைக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், பார்க்க மட்டும் முடிகிற தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். ரூட்டரில் போர்ட் திறக்க, அதாவது வெளி இன்டர்நெட்டிலிருந்து டிவிஆருக்கு நேர்வழி விடச் சொல்லும் பழைய வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம்.

8. கரண்டும் இடியும்

டிவிஆர், நாலு கேமரா, ரூட்டர் எல்லாம் சேர்ந்து 45 வாட் அளவில் இழுக்கும். வீட்டில் 150 ஆம்பியர் மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால் மின்விசிறிகளை நிறுத்தினால் இந்த மூன்றும் ராத்திரி முழுக்க ஓடும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வையுங்கள், மாறும் நேரத்தில் டிவிஆர் அணைந்து எரியாது. கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது.

வெளியே நீளமாக ஓடும் கேபிள் இடிமின்னல் நேரத்தில் ஆபத்து. எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேனை வைத்துப் பாருங்கள், களத்துக்கும் கொல்லைக்கும் போகும் கேபிளில் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று மாட்டுங்கள். இடி ஆரம்பிக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, அந்த நீளக் கேபிளின் பிஎன்சியையும் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. இடித்துக்கொண்டிருக்கும்போது கேபிள் பக்கமே போக வேண்டாம்.

டிவிஆரை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். வருகிறவன் முதலில் தூக்குவது அதைத்தான். பரண் நல்ல இடம், ஆனால் சாக்கு மூட்டை சூழாமல் காற்றோட்டம் வேண்டும்.

9. பதிவை எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்

எல்லாம் முடிந்த அன்று ராத்திரியே வீட்டில் ஒருவரைக் கேட் வழியாக நடந்து வரச் சொல்லுங்கள். பிறகு அந்த ஐந்து நிமிடத்தைத் தேடி எடுத்து, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஏற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் ஓடுகிறதா பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் கோணத்தை அன்றைக்கே மாற்றுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் தாமதிக்காமல் பதிவை எடுத்து வைத்துவிடுங்கள், பதினைந்து நாள் தாண்டினால் அது இருக்காது. பென் டிரைவில் எடுத்துவிட்டோம் என்று டிவிஆரில் உள்ளதை அழிக்கவும் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கச் சான்றிதழ் வேண்டும். போலீஸ் டிவிஆரையோ ஹார்ட் டிஸ்க்கையோ கேட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். டிவிஆர் காட்டும் நேரத்துக்கும் உங்கள் போன் காட்டும் நேரத்துக்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பதையும் அதே தாளில் குறித்துக் கொடுங்கள்.