குளிருக்கு இன்னொரு டீ போடும் முன்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் டீயை யாரும் எண்ணிக் குடிப்பதில்லை. மூடுபனி இறங்கினால் ஒன்று, விருந்தாளி வந்தால் வர்க்கியோடு ஒன்று. அளவோடு குடித்தால் டீயோ காபியோ நல்ல ஆரோக்கியம் உள்ளவரின் இதயத்துக்குக் கெடுதல் செய்வதில்லை. எண்ணாமல் விடுவதுதான் முதல் தவறு.

'காபியில்தான் கஃபீன், டீ ஒன்றும் செய்யாது' என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு கப் டீயில் சுமார் 40 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். டஸ்ட் டீயைக் கொதிக்கவிட்டு இறக்கினால் இன்னும் கூடும். பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை. கர்ப்பிணிகள் 200-ஐத் தாண்டக் கூடாது.

களைப்பை மூளைக்குச் சொல்வது உடம்பில் ஊறும் அடினோசின் என்ற பொருள். அது உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்ளும். களைப்பு தெரியாது, இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தமும் கொஞ்ச நேரம் ஏறும். அதனால் பி.பி. பார்க்கப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு ஸ்ட்ராங் டீ அடித்துவிட்டுப் போகாதீர்கள். டீக்கும் பரிசோதனைக்கும் அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உடம்பில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணி டீயில் பாதி, இரவு 11 மணிக்கும் உடம்பில்தான் இருக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பலர் சாப்பாட்டோடு டீ குடிக்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரையையும் அதிலேயே விழுங்குகிறார்கள். டீயில் உள்ள டானின் வகைப் பொருள்கள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாதக்கணக்கில் மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால், டாக்டரிடம் டீ பழக்கத்தையும் சொல்லுங்கள். ரத்தசோகை முற்றினால் இதயம்தான் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது அதனாலும் இருக்கலாம். மாத்திரையைத் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடுங்கள், டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் டீயை அப்படித்தான் தள்ளி வையுங்கள், ஆனால் அதை வெறும் தண்ணீரில் மட்டும் போடுங்கள்.

சரி, நாளையிலிருந்தே நிறுத்திவிடலாமா? ஒரேயடியாக நிறுத்தினால் சில நாள் தலைவலி படுத்தும். ஒவ்வொரு கப்பாகக் குறையுங்கள்.

அப்புறம் ஒன்று. நெஞ்சு படபடத்தால் 'டீ கூடிப்போச்சு' என்று படுத்துவிடுகிறார்கள். அடிக்கடி வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். நெஞ்சில் பாரம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, இந்தக் குளிரிலும் வியர்வை என்று வந்தால் டீயைக் காரணம் சொல்லி நேரம் கடத்தாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எஸ்டேட் லைன் வீட்டுக்கு வண்டி வந்து சேரவே நேரமாகும்.