பேட்டரியைக் கழற்றும் முன்: பழைய கீபோர்டிலிருந்து பாட்டையும் டோனையும் காப்பி எடுக்க

பழைய கீபோர்டு பேட்டரி தீர்ந்ததாகக் காட்டினால் உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள். உள்ளே இருக்கும் காசு பேட்டரிதான் (பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகை), நீங்கள் திருத்திச் சேமித்த டோன்களை, அதாவது ஒலிகளை, பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் அத்தனையும் அழியும். பெரும்பாலான கீபோர்டுகளில் கம்பெனி டோன்கள் பேட்டரி இல்லாமலும் அழியாத ரோம் என்ற தனி சிப்பில் இருப்பதால் தப்பிக்கும். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இல் அதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் 32 டோன்களும் ராமில்தான், அதாவது பேட்டரி போனால் அழிந்துவிடும் நினைவகத்தில். ஆகவே காப்பி முதலில், பேட்டரி பிறகு.

எதை எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மிடி என்பது கீபோர்டும் கம்ப்யூட்டரும் வாசிப்புக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை; மிடி பாட்டுக் கோப்புக்குள் ஒலி எதுவும் இல்லை. எந்த சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தி, எத்தனையாம் நம்பர் டோனில் என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. 17-ஆம் இடத்தில் நீங்கள் திருத்தி வைத்த புல்லாங்குழல் இருந்தால், பாட்டை மட்டும் எடுத்துப்போய் வேறு கீபோர்டில் போடும்போது அங்கே 17-இல் இருப்பது ஒலிக்கும். பாட்டு, டோன் பேங்க் (டோன்களின் தொகுப்பு), ரெஜிஸ்ட்ரேஷன் (டோன், தாளம் போன்ற அமைப்புகளைச் சேமித்தது) மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கூடவே எந்தப் பாட்டுக்கு எந்த பேங்க் என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதிவிடுங்கள்.

எந்த வழியில் எடுப்பது என்பதை கீபோர்டின் பின்பக்க சாக்கெட்டுகள் சொல்லிவிடும்.

வட்டமான 5 பின் மிடி சாக்கெட் இருந்தால் டோன்களை சிஸ்எக்ஸ் டம்ப்பாக, அதாவது கீபோர்டு தன் டோன் விவரங்களை மிடி வழியாக மொத்தமாக அனுப்பும் கோப்பாக, எடுக்கலாம். கீபோர்டின் அவுட், கம்ப்யூட்டர் பக்க இன்டர்ஃபேஸின் (மிடியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி அல்லது கேபிள்) இன்னுக்குப் போகவேண்டும். மலிவான யுஎஸ்பி மிடி கேபிள் சிலவற்றில் 'இன்' என்று எழுதியிருக்கும் முனையை கீபோர்டின் இன்னில் செருகச் சொல்கிறார்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். டம்ப்பைப் பதிவு செய்ய மென்பொருள் வேண்டும்: விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன். இரண்டும் இலவசம்.

டிஎக்ஸ்7-இல் செய்யும் முறை இது. ஃபங்ஷன் பட்டனை அழுத்தி 8-ஆம் பட்டனைத் தட்டுங்கள். மிடி சேனல் 1-இல் இருக்கட்டும். மறுபடி 8 தட்டினால் 'சிஸ் இன்ஃபோ' வரும்; 'எஸ்' (ஆம்) பட்டனை அழுத்தி 'அவெயில்' ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த திரையே வராது. இன்னொரு முறை 8 தட்டினால் 'மிடி டிரான்ஸ்மிட்?' என்று கேட்கும். கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட்டு, பிறகு 'எஸ்' பட்டனை அழுத்துங்கள். மிடி கம்பியில் நொடிக்கு 3,125 பைட் போகும். ஆக ஒன்றரை நொடிக்குள் வேலை முடிந்துவிடும்.

வந்த கோப்பு சரியாக 4,104 பைட் இருக்கவேண்டும்: டோனுக்கு 128 வீதம் 32 டோன், முன்னும் பின்னும் சேர்த்து 8 பைட். 163 பைட் மட்டும் வந்தால் ஒரு டோன்தான் வந்திருக்கிறது. டோன் பட்டனைத் தட்டினாலே டிஎக்ஸ்7 அந்த ஒன்றை அனுப்பிவிடும். பதிவு ஓடும்போது விரல் பட்டிருக்கும். 4,104-க்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மலிவு கேபிள்கள் சுரங்களை ஒழுங்காகக் கடத்தும், நீளமான சிஸ்எக்ஸில் நடுவே பைட்டுகளை விழுங்கிவிடும். எந்த கீபோர்டானாலும் டம்ப்பை இரண்டு முறை எடுத்து, இரண்டு கோப்பும் பைட்டுக்கு பைட் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் நம்பவேண்டாம்.

ஃபிளாப்பி டிரைவ் உள்ள கீபோர்டுகளில் தலைவலி வேறு மாதிரி. டிஸ்கைப் போடும் முன் உலோகத் தகட்டை நகர்த்தி உள்ளே பாருங்கள். வெள்ளைப் பொடியோ வட்டத் திட்டோ தெரிந்தால் அது பூஞ்சை. ஈரக்காற்று ஊர்களில் சகஜம். அப்படியே போட்டால் டிரைவின் ஹெட் அழுக்காகி அடுத்து வரும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். எழுத்துத் தடைத் துளை (திறந்திருந்தால் டிஸ்கில் எதுவும் எழுத முடியாது) திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போடுங்கள். விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் ஒருபோதும் சரி சொல்லாதீர்கள்.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, 1.44 எம்பி டிஸ்கை அந்தக் காலத்தில் 720 கேபியாக ஃபார்மட் செய்திருப்பார்கள். ஓரத்து இரண்டாவது துளையைப் பார்த்து டிரைவ் அதை 1.44 என்று எடுத்துக்கொண்டு தடுமாறும். அந்தத் துளையை ஒளி புகாத டேப்பால் மூடினால் பல டிஸ்குகள் படித்துவிடும். இரண்டு, கீபோர்டு தனக்கென்று வேறு ஃபார்மட் வைத்திருக்கும். என்சோனிக், பழைய ரோலண்ட் சாம்ப்ளர் டிஸ்குகள் இந்த ரகம். யுஎஸ்பி டிரைவ் இவற்றில் பலவற்றைப் படிக்காது. பழைய 34 பின் டிரைவை கிரீஸ்வீசல் என்ற சிறிய போர்டில் மாட்டி எடுக்கவேண்டும்.

படிக்கிற டிஸ்க் என்றாலும் கோப்புகளை மட்டும் இழுத்துப் போடாமல் முழு டிஸ்கையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக, எடுங்கள். 1.44 டிஸ்க் 14,74,560 பைட், 720 கேபி டிஸ்க் 7,37,280 பைட். பின்னாளில் டிரைவே செத்துப்போனால் அதன் இடத்தில் கோடெக் எமுலேட்டரை (ஃபிளாப்பி டிரைவ் போலவே நடிக்கும் கருவி) வைத்து பென்டிரைவிலிருந்து இதே இமேஜை ஓட்டலாம்.

யமஹா பிஎஸ்ஆர்-இ433, இந்தியாவுக்கென வந்த ஐ455 போன்றவற்றில் கம்ப்யூட்டருக்கான யுஎஸ்பி உண்டு. யமஹா டிரைவரைப் போட்டு, மியூசிக்சாஃப்ட் டவுன்லோடர் என்ற யமஹா மென்பொருளில் பேக்கப் கோப்பைக் கம்ப்யூட்டருக்கு இழுத்தால் போதும். ஆனால் பியூபி என்று பெயர் முடியும் அந்த பேக்கப் கோப்பு அதே மாடலுக்கு மட்டும்தான் திரும்பப் போகும்; பாட்டை வேறு இடத்தில் வாசிக்க அது உதவாது.

அதற்கு நேரடிப் பதிவுதான் வழி. கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் 'சாங் அவுட்' அல்லது 'ஸ்டைல் அவுட்'டை ஆன் செய்து, கம்ப்யூட்டரில் சீக்வென்சரை (மிடியைப் பதிவு செய்யும் மென்பொருள்) ஓடவிட்டு, பாட்டை முதலிலிருந்து வாசிக்க விடுங்கள். சீக்வென்சர் கீபோர்டின் மிடி கிளாக்கை (அது அனுப்பும் வேகக் குறிப்பை) பின்பற்றும்படி வைத்தால் தாளக் கோடுகள் ஒத்துப்போகும். சீக்வென்சரில் மிடி த்ரூ (வந்த சுரத்தைத் திருப்பி அனுப்பும் வசதி) அணைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரமும் திரும்பிவந்து இரட்டிப்பாக ஒலிக்கும். சேமிக்கும்போது ஃபார்மட் 0 (எல்லா சுரங்களும் ஒரே டிராக்கில் இருக்கும் மிடி கோப்பு வகை) தேர்ந்தெடுங்கள், பல பழைய கீபோர்டுகள் அதை மட்டுமே படிக்கும். கூடவே ஹெட்ஃபோன் அவுட்டிலிருந்து ஒரு வேவ் பதிவும் எடுத்துவிடுங்கள். டோன் தொலைந்தாலும் அது எப்படி ஒலித்தது என்று கேட்கவாவது இருக்கும்.

இப்போது பேட்டரி. டிஎக்ஸ்7-இல் அதை சாலிடர் செய்திருப்பார்கள். பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹோல்டர் ஒன்றை சாலிடர் செய்யுங்கள். பேட்டரி மேலேயே சூட்டுக்கோல் வைத்தால் அது வெடிக்கக்கூடும். ஆன் செய்ததும் டோன் பெயர்களில் தாறுமாறான எழுத்துகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ராம் காலியாகியிருக்கிறது, அவ்வளவுதான். 'மெமரி புரொடெக்ட் இன்டர்னல்' பட்டனை அழுத்தி 'நோ' (இல்லை) கொடுத்துவிட்டு, இந்த முறை கம்ப்யூட்டரின் அவுட்டை கீபோர்டின் இன்னில் மாட்டி, 4,104 பைட் கோப்பை அனுப்புங்கள்.